ஏழு பூச்சு உறை

வியாழக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து வந்த லோகேஸ்வரி, முகம் கூடக் கழுவாமல், கணவர் கன்னையாவைக் குளியலறைக்குள் கூப்பிட்டு அவர் கையில் ஒரு ரப்பர்க் காலைக் கொடுத்தாள். அதன் மேல்வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அரை வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு, குனிந்து, குதிகால், விரல் நுனி, கணுக்கால் மடிப்பு என்று ஒவ்வொரு இடமாக டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

"கை வலிக்குதுடி" என்றார் கன்னையா.

"ஆடாம நில்லுங்க. இன்னும் ரெண்டு நிமிஷம்."

"உங்க பெக்டரில ரெண்டே நிமிஷம்தான்னு சொல்லுவே?"

"அது கைக்கு. இது கால்."

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் லோகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வருட வேலை. தரம் பார்க்கும் பிரிவு. ஒரு கையுறையை எடுத்து ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஒரு சொட்டு கசிந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் நிறுத்தி வைக்கப்படும். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையை அவள் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும் என்று புதிதாக வரும் நேபாளப் பையன்கள் கூடச் சொல்வார்கள். கோவிட் சமயத்தில் உலகமே கையுறை கேட்டு நின்றபோது, ராத்திரி பகலாக ஓடிய அந்த நாட்களிலும், அவள் கையெழுத்துப் போட்ட ஒரு பெட்டி கூடத் திரும்பி வந்ததில்லை. படித்தது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். அப்பா இறந்தபோது தம்பி சுகுமாறனுக்கு ஒன்பது வயது. அவன் படிக்கட்டும் என்று இவள் வேலைக்குப் போனாள். அவன் படித்தான், பாதியில் நிறுத்தினான், லோரி ஓட்டினான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் நாற்பதடி டிரேலரை ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து, இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் செருகிவிட்டு இறங்குகிறவன் தன் தம்பி ஒருவன்தான் என்பதைக் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பல் டாக்டரிடமும் கூட அவள் சொல்லியிருக்கிறாள்.

கால்களுக்கு விதி யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அவளே எழுதிக்கொண்டாள்: அரை வாளி, நான்கு நிமிடம்.

நான்கு நிமிடம் முடிந்தது. ஒரு சொட்டு இல்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, "இரவு 8.05, கசிவு இல்லை" என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் அதற்கு மேலே இருந்த எல்லா வரிகளும் அதே எட்டு மணியையொட்டித்தான் இருந்தன. தொழிற்சாலை விட்டு வந்து, தாமான் ஸ்ரீ அண்டலாஸ் குடியிருப்பில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் அளவெடுக்க அவளுக்குக் கிடைத்த நேரம் அதுதான். தொடைச் சுற்றளவை மூன்று நாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை அளந்திருந்தாள். ஒன்பது தடவையும் ஒரே அளவு வந்தது. அதில் அவளுக்கு ரொம்பத் திருப்தி.

சுகுமாறனின் இடது காலை இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. லோரிப் படியில் இடித்த ஒரு சின்னக் காயம் ஆறவே இல்லை. ஆறு மாதம் கழித்துச் செயற்கைக் கால் வந்தது. வீட்டுக்குள் நடந்தான். கோயிலில், பேரங்காடியில் நடந்தான். ஆட்டோ கியர் கார் ஓட்டப் பழகிக்கொண்டான். ஒரு நாள் தான் வேலை பார்த்த பழைய லோரி டிப்போவுக்குப் போய் நண்பர்களைப் பார்க்கலாம் என்று இறங்கினவன் சரளைக்கல்லில் கால் புரண்டு விழுந்தான். நாலு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். விழுந்ததைவிட அந்த நாலு பேர் தூக்கிவிட்டதுதான் அவனுக்கு வலித்தது. அதற்குப் பிறகு சிமெண்டுத் தரை இல்லாத எந்த இடத்திலும் அவன் இறங்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே டிப்போவின் மேற்பார்வையாளர் திருச்செல்வம் போன் செய்தார். யார்டுக்குள் வரும் டிரேலர்களுக்கு ரிவர்ஸ் காட்ட ஆள் வேண்டும். ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது சரியாக வரும். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றால் வேலை அவனுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். நாள் முழுக்க சரளைக்கல்லில் நடக்க வேண்டிய வேலை.

மூன்று நாள் சுகுமாறன் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில், மனைவி தாமரையும் லோகேஸ்வரியும் இருக்கும்போது சொன்னான்: "ஸ்கை மிரருக்குப் போவோம். அந்த மணல்ல நான் என் கால்ல நடந்துட்டேன்னா திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். முடியலன்னா அதுக்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சரியா?"

சாசாரான் கரையிலிருந்து படகில் அரை மணி நேரம் போனால் கடல் நடுவே ஸ்கை மிரர் என்கிற அந்த மணல்திட்டு இருக்கிறது. மாதத்தில் சில நாள், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வடியும்போது மட்டும் அது வெளியே வரும். ஓரிரு மணி நேரத்தில் மறுபடி கடலுக்குள் போய்விடும். அதன் மேல் விரல் தடிமனுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே இருக்கிற வானம் அப்படியே கீழேயும் இருக்கும். லோரி ஓட்டிய காலத்தில் சுகுமாறன்தான் அதை முதலில் கேள்விப்பட்டுக் குடும்பத்தைக் கூட்டிப்போனான். பிறகு வருடத்துக்கு ஒரு முறை போனார்கள். கடைசியாக, ஐந்து வருடத்துக்கு முன்னால், போனபோது அவன் அந்தத் தண்ணீரின் மேல் துள்ளிக் குதித்த படம் இப்போதும் ஹாலில் தொங்குகிறது. இரண்டு காலும் தரையில் இல்லை.

ஆனால் செயற்கைக் காலில் உப்புத் தண்ணீர் படக்கூடாது. உள்ளே இருக்கிற இணைப்பு துருப்பிடித்தால் வேறு கால் செய்து வர ஆறு மாதம் ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றாள் லோகேஸ்வரி.

தொழிற்சாலையில் மிஞ்சிய ரப்பர்ப் பாலைக் கேட்டு, மேலாளரிடம் முறையாகக் கையெழுத்து வாங்கி, ஒரு டின்னில் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் குழாய், பழைய ஷூ, துணி இவற்றை வைத்துத் தம்பியின் கால் அளவுக்கு ஓர் அச்சுக் கட்டினாள். தூரிகையால் ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, ஏழு நாளைக்கு ஏழு பூச்சு. மணலில் கிளிஞ்சல் குத்தும் என்று அடிப்பாகத்தில் சைக்கிள் டயரை வெட்டி ஒட்டினாள். தொடை வரைக்கும் ஏறி நிற்கும்படி உயரம் வைத்தாள். மேல் விளிம்பை, கையுறையின் மணிக்கட்டு ஓரத்தில் இருப்பது போல, உருட்டிச் சுருட்டி இறுக்கமான வளையமாக்கினாள். அந்த வளையம் சதையைக் கவ்விக்கொண்டால் மேலேயிருந்தும் தண்ணீர் போகாது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தம்பிக்கு மாட்டிப் பார்த்தாள். அவனுக்கென்றே பிறந்தது போல உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். படகு ஆட்டமும் டீசல் வாசனையும் ஒத்துக்கொள்ளாது என்று கன்னையா வீட்டிலேயே நின்றுவிட்டார். சுகுமாறன் காரை எடுத்தான். கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் கபிரியேல் காத்துக்கொண்டிருந்தான். காப்பார் தமிழ்ப்பள்ளியில் சுகுமாறனுடன் ஒரே பெஞ்சு. இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் குடியிருப்பு, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. கையில் எண்ணெய் ஊறிய ஒரு வடைப் பொட்டலம் இருந்தது.

"ஆறே காலுக்குக் கடை தொறந்ததும் வாங்கினது அக்கா. கோமுட்டர் ரயில்ல பக்கத்துல இருந்தவன் கிள்ளான் வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு வந்தான்."

"ஒண்ணு குடுத்திருக்கலாம்ல?" என்றாள் தாமரை.

"குடுத்தேன். அப்புறமும் பாத்தான்."

ஜெராம் வழியாகச் சாசாரானுக்குப் போனார்கள். பின்சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு லோகேஸ்வரி எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். உறை. சோளமாவு டப்பா. அளவு நாடா. துண்டு இரண்டு. நோட்டுப் புத்தகம். தம்பி காரைப் படகுத்துறைக்குப் பக்கத்தில், இரண்டு வேன்களுக்கு நடுவே இருந்த ஒடுங்கிய இடத்தில், கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னுக்கு எடுத்து நிறுத்தியபோது அவளுக்கு மனசெல்லாம் நிறைந்தது.

படகோட்டி ஆ ஹோக்குக்கு நாற்பது வயது இருக்கும். பயணிகளுக்கு மிதவைச் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் அவள் நேராகப் போனாள். "பாஸ், இது என் தம்பி. டிரேலர் டிரைவர். நாப்பதடி. ஒரே ரிவர்ஸ்."

"வாவ், பகுஸ் லா ஆன்ட்டி!" என்று ஆ ஹோக் பெருவிரலைத் தூக்கினான்.

"அக்கா" என்றான் சுகுமாறன். "அவரு எனக்கு வேலை குடுக்கப் போறதில்ல. போட் ஓட்டறவரு."

"தெரிஞ்சு வச்சுக்கட்டுமே. உனக்கு என்ன நஷ்டம்?"

துறையின் பெஞ்சில் அவனை உட்காரவைத்து, உள்ளே சோளமாவைத் தூவி, உறையை மெல்ல ஏற்றினாள். முழங்காலைத் தாண்டி, தொடையில் வளையம் 'பட்'டென்று உட்கார்ந்தது.

"இறுக்கமா இருக்காடா?"

"கொஞ்சம்."

"இறுக்கமாத்தான் இருக்கணும். அப்பத்தான் தண்ணி போகாது."

கபிரியேல் சுற்றி வந்து பார்த்தான். "ஒரு கால்ல மட்டும் பூட்சா? இன்னொரு கால் கோவிச்சுக்கப் போகுதுடா."

"அதுக்கு நீ வடை குடு" என்றான் சுகுமாறன்.

படகு கிளம்பி, அலையாத்தி மரங்களைத் தாண்டி, மீன் கூண்டுகளைத் தாண்டித் திறந்த கடலுக்குள் வந்தது. கபிரியேல் இரண்டு கதை சொல்லிப் பார்த்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த, ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூடச் சிரித்தது. சுகுமாறன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று முகத்தில் அடித்தது. அவன் நெற்றியில் மட்டும் வேர்வை.

"சுகர் எறங்கிடுச்சாங்க?" தாமரை பையிலிருந்து மிட்டாய் எடுத்து அதன் காகிதத்தைப் பிரித்தாள்.

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்கிறானா வேண்டாம் என்கிறானா என்று தெரியவில்லை. அவன் கை தொடையைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைத் தாமரை அப்போதுதான் பார்த்தாள். தானும் கையை வைத்தாள். ரப்பர் வளையம் சதைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே தொடை கல்லு மாதிரி இருந்தது.

"அக்கா! இங்க வாங்க. கால் மரத்துப் போயிருக்கு இவங்களுக்கு."

லோகேஸ்வரி ஆடும் படகில் இரண்டே எட்டில் வந்து மண்டியிட்டாள். வளையத்துக்குள் விரலை நுழைக்க முடியவில்லை. நகத்தால் நெம்பிச் சுருட்டி இறக்கினாள். தொடையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பள்ளம், கயிறு கட்டினது போல. சுகுமாறன் அப்போதுதான் மூச்சை வெளியே விட்டான்.

"ஏன்டா சொல்லல?"

"ஏழு நாள் முழிச்சிருந்து செஞ்சே. எப்படிச் சொல்றது?"

"வெள்ளிக்கிழம போட்டுப் பாத்தப்ப சரியாத்தான்டா இருந்துச்சு!"

"வெள்ளிக்கிழம ராத்திரி போட்டீங்க அக்கா" என்றாள் தாமரை மெதுவாக. "காலைல இவங்களுக்குக் கால் உப்பித்தான் இருக்கும். எழுந்ததும் வெட்டின கால்ல ஒரு சாக்ஸோடதான் செயற்கைக் காலுக்குள்ள போகும். மத்தியானம் ரெண்டு. சாயந்திரம் வத்திப்போயிடும், மூணு சாக்ஸ் போட்டாத்தான் அந்தக் கால் ஆடாம நிக்கும். தினமும் நான்தான துவைக்கிறேன். உங்களுக்கும் தெரியும்னு நெனைச்சேன்."

லோகேஸ்வரிக்குத் தெரியாது. ஒன்பது தடவை அளந்தாள். ஒன்பதும் எட்டு மணிக்கு. ஒரே நேரத்தில் எத்தனை தடவை அளந்தாலும் அது ஒரே ஓர் அளவுதான். தொழிற்சாலையில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். புதிதாகச் சேரும் வேலை தெரியாத பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. சொந்தத் தம்பிக்கு அதை மறந்திருக்கிறாள்.

எஞ்சின் சத்தம் அடங்கியது. படகு எங்கேயோ மெத்தென்று இடித்து நின்றது.

தலையை நிமிர்த்தினார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது. கரை கண்ணுக்கெட்டாத தூரம். அந்த வெட்டவெளியில் தரை என்று ஒன்று இருப்பதற்கு அடையாளமே இல்லை. வெள்ளை மேகம் ஒன்று மேலே நகர்ந்தது, கீழேயும் நகர்ந்தது. முன்னால் வந்த படகின் ஆட்கள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் காலடியில் தலைகீழாக இன்னொருவர். ஒரு பறவை கீழே இருக்கும் தன்னையே கொத்திக்கொண்டிருந்தது.

ஈப்போ குடும்பம் ஒவ்வொருவராக ஏணியில் இறங்கியது.

"நீங்க போங்க" என்றான் சுகுமாறன். "நான் போட்லயே இருக்கேன். கபி, படம் நல்லா எடு."

"டேய்..."

"பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். திருச்செல்வம் அண்ணனுக்கு நானே போன் பண்ணிக்கறேன்."

தாமரை கணவனின் தொடையில் இருந்த சிவப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே கடலைப் பார்த்தாள். பேசக்கூடாது என்று ஒத்துக்கொண்டவர்களில் லோகேஸ்வரியும் ஒருத்தி. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். சுடிதார்க் காலைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

படகின் அருகே நாடாவைத் தண்ணீருக்குள் நிறுத்தினாள். எட்டு அங்குலம். பத்தடி தள்ளி நிறுத்தினாள். நாலு. இன்னும் இருபதடி போய் நிறுத்தினாள். ஒன்றரை. ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கே போய், செல்பி எடுத்த ஒரு ஜோடியை "எக்ஸ்கியூஸ் மீ" என்று விலக்கிவிட்டு அங்கேயும் நிறுத்தினாள். அரை அங்குலம் கூட இல்லை. காலால் அழுத்திப் பார்த்தாள். மணல் இறுகிக் கிடந்தது. இடது பக்கம் ஓரிடத்தில் சேறு. அங்கே நிற்க வேண்டாம் என்று மனதில் குறித்துக்கொண்டாள். ஏழு இடத்தில் அளந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"பாஸ்" என்றாள் ஆ ஹோக்கிடம். "ஒன் அவர்ல தண்ணி எவ்ளோ ஏறும்?"

"டோன் வொரி ஆன்ட்டி. இங்க ஏறுனா" என்று அவன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினான், "நான் விசில். எல்லாம் பாலேக், ரிட்டர்ன்."

"கத்தரிக்கோல் இருக்கா?"

தூண்டில் நரம்பு வெட்டும் பெரிய கத்தரிக்கோல் ஒன்றை அவன் எடுத்துக் கொடுத்தான். லோகேஸ்வரி உறையை மடியில் போட்டு, அடியிலிருந்து பதினான்கு அங்குலம் அளந்து, நகத்தால் கீறி அடையாளம் வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றே?" என்றான் சுகுமாறன்.

"பேசத்தான கூடாது? எனக்கு இப்ப வேலை இருக்கு."

"வேணாம்க்கா. ஏழு பூச்சு!"

"ஆழமான எடம் எட்டு அங்குலம். நான் எட்டு அங்குலத் தண்ணிக்கு இருபத்தெட்டு அங்குல ஒறை செஞ்சிருக்கேன். கூறு கெட்டவ. உன்னக் கடலுக்கு அடியில எறக்கப் போற மாதிரி." கத்தரிக்கோல் ரப்பரைக் கவ்வியது. "பதினாலுக்கு வெட்டினா முழங்காலுக்குக் கீழேயே நின்னுரும். அங்க சதையே கெடையாது. பிளாஸ்டிக் காலுதான். பிளாஸ்டிக் உப்பாது. காலைலயும் ஒரே அளவு, ராத்திரியும் ஒரே அளவு. கபி, அந்தப் பக்கம் இழுத்துப் புடி. கோணலா வெட்டிட்டா உன்னத்தான் திட்டுவேன்."

"இதென்ன அக்கா நியாயம்?" என்றான் கபிரியேல். ஆனால் இழுத்துப் பிடித்தான்.

ஒரே சீராக, நடுவில் எங்கும் நிற்காமல், வட்டமாக வெட்டி எடுத்தாள். தொடைப் பாகமும் அந்த வளையமும் தனியாக விழுந்தன. அடிப்பாகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, தம்பியின் செயற்கைக் காலில் ஏற்றினாள். கெண்டைக்கால் போல வளைந்திருந்த பிளாஸ்டிக்கின் மேல் போய் அப்பிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"இப்ப இறுக்கமா இருக்கா?"

"அந்தக் காலுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான் சுகுமாறன். அரை மணி நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

தொடையில் ரத்தம் ஓடி மரப்பு விடும் வரை ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். ஐந்தையும் அவள் கடிகாரத்தில் பார்த்தாள். பிறகு அவன் எழுந்து, ஏணியைப் பார்க்கத் திரும்பி நின்று, லோரியிலிருந்து இறங்குகிறவன் போல முதுகைக் காட்டி இறங்கினான். வலது கால் முதலில். அப்புறம் இடது கால். தண்ணீர் உறையின் பாதி உயரத்துக்கு வந்து நின்றது. அவன் ஏணியை விடவில்லை. லோகேஸ்வரி கையை நீட்டினாள்.

"கை வேணாம்க்கா. நீ முன்னால போ. எங்க மெதிக்கணும்னு காட்டு."

அவள் முன்னால் நடந்தாள். சேறு இல்லாத பக்கமாக, தான் அளந்த வழியிலேயே நடந்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு எட்டு. இடைவெளி. ஒரு எட்டு. பிறகு இடைவெளி குறைந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீரில் எட்டு அங்குலம் போய் நாலு வந்தது, நாலு போய் ஒன்றரை வந்தது. சத்தம் நின்றபோது திரும்பினாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் யாரையும் பிடிக்காமல் நின்றான்.

"நிக்கறது சரி" என்றான் அவன், அவள் கேட்காமலே. "இத நடந்ததுன்னு சொல்ல முடியாது. பாட்டி மாதிரி வந்திருக்கேன்."

"டேய், அப்படியே நில்லு. படம் எடுக்கறேன்" என்றான் கபிரியேல். நான்கு பேரும் கீழே இருக்கிற நான்கு பேரும் முழுதாக வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்க ஆரம்பித்தான். "இன்னும் கொஞ்சம்... தல வெட்டுது... இன்னும் கொஞ்சம்..."

அவனுக்குப் பின்னால் ஈப்போ குடும்பம் முக்காலி நிறுத்தி அதன் மேல் பெரிய கேமரா வைத்திருந்தது. அதற்கு இடது பக்கம்தான் லோகேஸ்வரி குறித்து வைத்த சேறு.

"கபி! ஸ்டாப்!" என்று சுகுமாறன் கத்தினான்.

கபிரியேல் திகைத்து இரண்டு பக்கமும் திரும்பினான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சேற்றுப் பக்கமாகவே ஒரு கால் வைத்தான்.

"ஸ்டாப்னா ஸ்டாப்டா!" சுகுமாறன் கையை முஷ்டியாக உயர்த்தினான். அடுத்த நொடி அவன் அங்கே இல்லை. கபிரியேலின் கண்ணில் படுகிற மாதிரி வலது பக்கமாக ஒரு அரை வட்டம் போட்டுப் போனான். தண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது. "என்னப் பாரு. பின்னால பாக்காதே. என் கையப் பாரு. வா, வா, வா... ரைட் ஒடி... இன்னும்... இன்னும்..." கையை ஆட்டிக்கொண்டே, அவன் நகர நகரத் தானும் பின்பக்கமாக நடந்தான். "போதும், நேராக்கு. வா... வா... ஓகே!"

முஷ்டி மேலே போனது. கபிரியேல் நின்றான். அவன் முதுகுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி.

"டேய், நான் என்ன டிரேலரா?"

"வாடகை டிரேலர். ஸ்டியரிங் சரியில்ல."

ஈப்போக்காரர் கேமராவை அணைத்துக்கொண்டு சுகுமாறனுக்குத் தலை வணங்கினார். தாமரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். லோகேஸ்வரி எண்ணிவிட்டிருந்தாள். அவளால் எண்ணாமல் இருக்க முடியாது.

"பத்தொன்பது எட்டு வச்சிருக்கே" என்றாள். "அதுல ஏழு பின்பக்கமா."

சுகுமாறன் குனிந்து கீழே பார்த்தான். தான் வந்த தடம் தண்ணீரில் ஏற்கெனவே அழிந்து, மேகம் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த சுகுமாறன் இரண்டு காலையும் இவன் காலோடு ஒட்டி வைத்து நின்றான். அவன் இடது காலை ஒரு தடவை தூக்கி வைத்தான். அங்கே இருந்தவனும் தூக்கி வைத்தான்.

"இத நடந்ததுன்னு சொல்லலாமாடா?" என்றான் கபிரியேல்.

"இது வேலடா" என்றான் சுகுமாறன்.

ஆ ஹோக் விசில் அடிக்கும் வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். துள்ளிக் குதிக்கிற படம் யாரும் எடுக்கவில்லை. கபிரியேல் முக்காலிக்காரரிடமே போனைக் கொடுத்து, நால்வரும் வடையும் கையுமாக நிற்கும் ஒரு படம் எடுக்க வைத்தான். கீழே இருக்கிறவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வடை இருந்தது. பிறகு, உறையின் முக்கால் உயரம் வரை மட்டும் நனைய, சுகுமாறன் நடந்து வந்து முன்னால் பார்த்தபடியே ஏணியில் ஏறினான்.

படகில் உட்கார்ந்ததும் லோகேஸ்வரி உறையைக் கழற்றி, உட்பக்கத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். காலையில் தூவிய சோளமாவு பொடிப்பொடியாக அப்படியே இருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. விரலால் தொட்டு, மாவை எல்லோருக்கும் காட்டினாள். ஆ ஹோக்குக்கும் காட்டினாள்.

சுகுமாறன் போனை எடுத்தான். "திருச்செல்வம் அண்ணே? சுகு. ஞாயித்துக்கெழம தொந்தரவு பண்றேன்... ஆமாண்ணே. நாளைக்கு ஏழு மணிக்கு வாசல்ல நிக்கறேன்... கால் என்னா? கால் நல்லா இருக்கு லா. நீங்க டிரேலரச் சரியா அனுப்புங்க போதும்."

வைத்துவிட்டுத் தாமரையைப் பார்த்தான். "அஞ்சரைக்கு எழுப்பு."

"அஞ்சரைக்கு நானும் வரேன்" என்றாள் லோகேஸ்வரி.

"நீ எதுக்குக்கா?"

"அளக்க. மழை பேஞ்சா உங்க யார்டுல தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?"

சுகுமாறன் யோசித்தான். "கணுக்கால் வரைக்கும். கேட் பக்கம் இன்னும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா எத்தன அங்குலம்?"

"அக்கா, நான் நாளைக்குத்தான் சேரப் போறேன்."

"அப்ப நாளைக்குப் பாத்துச் சொல்லு. காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ" என்றாள் அவள். நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, தம்பியின் தொடையில் நாடாவைச் சுற்றினாள். வந்த அளவு வெள்ளிக்கிழமை அளவைவிட முக்கால் அங்குலம் அதிகம். அதைக் கூசாமல் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போட்டாள்: காலை 11.50.